முகூர்த்த மாதமே தீவைத் தீர்மானிக்கும்: தேனிலவுக்குக் கடற்கரை ரிசார்ட் தேர்ந்தெடுக்கும் முறை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வளர்ந்த எவருக்கும் மழைக்காலம் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். வைகாசியும் ஆனியும் வெயிலுக்கும் வறண்ட காற்றுக்கும் உரிய மாதங்கள். திருமணம் முடிந்து முதன்முறையாக ஒரு தீவுக்குச் செல்லத் திட்டமிடும் தம்பதியர், இந்த நாட்காட்டியை அப்படியே கடலுக்கு அப்பாலும் பொருத்திப் பார்த்துவிடுகிறார்கள். நானும் என் மனைவியும் அதைத்தான் செய்தோம். எங்கள் திருமணம் ஆனியில் நடந்தது. கும்பகோணத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த வாரத்தில் அந்தமானுக்குப் புறப்பட்டோம். அங்கே ஐந்து நாட்களில் இரண்டு நாட்கள் தீவுகளுக்கு இடையே கப்பல் ஓடவில்லை. மற்ற மூன்று நாட்களும் கடலில் இறங்க வேண்டாம் என்று சொல்லும் சிவப்புக் கொடியைப் பார்த்துக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தோம். பதிவு செய்துகொடுத்த முகவர் மழையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. அதன் பிறகு உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தீவு தேர்ந்தெடுக்க உதவிவருகிறேன். எல்லோரும் முதலில் அறையின் படத்தைக் காட்டி, இது எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. முதலில் மாதம், அடுத்து கரை, அதற்கடுத்து போகும் வழி, பிறகு பணம். இந்த நான்கையும் முடித்த பிறகே படத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் படி: மாதத்துக்கு ஏற்ற கடல்

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பெரும்பாலும் இறக்கிவிடுவதால் நம் பகுதியை வறண்ட காற்றாகவே வந்தடைகிறது. குடகில் பெய்த அந்த மழை, வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும் மேட்டூர் அணை வழியாக ஆற்று நீராகத்தான் நம்மிடம் வருகிறது. ஆனால் அதே காற்றுக்கு மாலத்தீவிலோ அந்தமானிலோ தாய்லாந்தின் புக்கெட்டிலோ குறுக்கே அப்படி ஒரு மலைத்தொடர் கிடையாது. அங்கெல்லாம் அது மழையோடும் உயர்ந்த அலையோடும் நேராகக் கரையில் மோதுகிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி முடிவு தானாகவே கிடைத்துவிடும்.

தை, மாசி மாதங்களில் முகூர்த்தம் அமைந்தவர்களுக்குத் தேர்வு எளிது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மாலத்தீவு, அந்தமான், புக்கெட், இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள பெந்தோட்டை, உனவட்டுனை ஆகிய எல்லா இடங்களிலும் கடல் தெளிந்து அமைதியாக இருக்கும். மலேசியாவின் லங்காவிக்கும் இது நல்ல காலம். 1025ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திரனின் கடற்படை சென்ற கடாரமே இன்றைய கெடா மாநிலம். லங்காவி அம்மாநிலத்தைச் சேர்ந்த தீவுக்கூட்டம் என்பதைச் சோழ நாட்டார் அறிந்து செல்வது நல்லது. வானிலை நன்றாக இருக்கும் இந்த மாதங்களில் விலை உச்சத்தில் இருக்கும் என்பது மட்டுமே குறை. ஆகவே நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு அறையைப் பதிவு செய்துவிட வேண்டும்.

வைகாசி, ஆனி முகூர்த்தங்களுக்குத்தான் அதிக யோசனை தேவைப்படுகிறது. இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை முதலில் தொடுவது அந்தமானைத்தான். மே மாதத்தின் பிற்பாதியிலேயே அங்கு மழை தொடங்கிவிடும். லட்சத்தீவுக்கும் அதே நிலைதான். இந்த மாதங்களில் மாலத்தீவு ரிசார்ட்டுகள் விலையைக் குறைத்து விளம்பரம் செய்வதற்கும் இதுவே காரணம். வெயில் அடிக்கும் நாட்களும் இடையிடையே கிடைக்கும் என்றாலும், நான்கே நாட்கள் தங்கப் போகிறவர்கள் அதை நம்பிப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வைகாசி, ஆனி, ஆவணி மூன்றுக்கும் பொருந்துபவை பாலி, இலங்கையின் கிழக்குக் கரை, மொரீஷியஸ், தாய்லாந்து வளைகுடாவிலுள்ள கோ சமூய் ஆகியவை. பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். இலங்கையில் மலைநாடு தென்மேற்குக் காற்றை மறித்து நிற்பதால் திருகோணமலையின் உப்புவெளியும் நிலாவெளியும், மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவும் மே முதல் செப்டம்பர் வரை குளம் போல் அமைதியாக இருக்கும். மேற்கிலிருக்கும் மலை நம்மை வறளவைப்பது போலத்தான் அவர்களையும் வறளவைக்கிறது.

ஆனி முகூர்த்தத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆடி பிறந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவார்கள். திருமணத்துக்கும் ஆடி அழைப்புக்கும் இடையில் மறுவீடும் குலதெய்வ வழிபாடும் உறவினர் வீட்டு விருந்துகளும் நிரம்பியிருக்கும். முகூர்த்தம் ஆனியின் பிற்பாதியில் இருந்தால், பயணத்தை அவசரமாக அதற்குள் திணிப்பதைவிட ஆவணிக்குத் தள்ளிவைப்பதே மேல். இரு வீட்டுப் பெரியவர்களிடமும் இதை முன்கூட்டியே பேசிவிட்டால், பயணச்சீட்டு வாங்கிய பிறகு நாள் மாற்ற வேண்டிய நிலை வராது.

ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் அடைமழையும் வங்கக் கடலில் புயல்களும் உண்டு. அந்தமானுக்கும் அந்தப் புயல்களின் பாதிப்பு இருக்கும். கோ சமூய்க்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான ரெடாங், பெர்ஹெந்தியானில் நவம்பர் முதல் பல ரிசார்ட்டுகள் கதவையே சாத்திவிடும். அக்டோபரிலும் நவம்பரிலும் மொரீஷியஸ் ஏற்றது. கார்த்திகையின் பிற்பகுதியில் புக்கெட்டும் மாலத்தீவும் தெளியத் தொடங்கும். தலைத்தீபாவளி மாமனார் வீட்டில் என்பதால் ஐப்பசிப் பயணத்தை அதற்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பங்குனியில் பாலிக்குச் செல்பவர்கள் நியெப்பி என்னும் மௌன நாள் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும் அந்த நாளில் விமான நிலையம் 24 மணி நேரம் மூடப்படும். விருந்தினர்களும் விடுதியை விட்டு வெளியே வர முடியாது. அந்த அமைதியை விரும்புகிறவர்களுக்கு அது ஒரு நல்வாய்ப்பு. ஆனால் தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இரண்டாம் படி: கரையின் இயல்பு

பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் வேளாங்கண்ணியிலும் நாம் பார்க்கும் கடல், இடையில் பவளப்பாறைத் தடுப்பு ஏதும் இல்லாமல் நேராகக் கரையில் வந்து மோதும் திறந்த கடல். ஆற்றிலும் குளத்திலும் நீந்தப் பழகியவர்களும்கூட அங்கே முழங்கால் அளவுக்கு மேல் போவதில்லை. வெப்பமண்டலத் தீவுகளில் வேறு வகைக் கரைகள் உண்டு. தீவைச் சுற்றியிருக்கும் பவளப்பாறை வளையம் அலையை வெளியிலேயே உடைத்துவிட, உள்ளே இடுப்பளவு ஆழத்தில் அசைவற்றுக் கிடக்கும் நீர்ப்பரப்பை லகூன் என்கிறார்கள். நீச்சல் தெரியாத ஒருவர் இருக்கும் தம்பதியருக்கு லகூன் அகலமாக உள்ள ரிசார்ட்டே ஏற்றது. மீன்களையும் பவளங்களையும் பார்க்க விரும்பும் நீச்சல் தெரிந்தவர்கள், கரையிலிருந்து சில நிமிடங்களில் பாறை விளிம்பை அடையக்கூடிய இடத்தைத் தேட வேண்டும். ரிசார்ட்டுகள் அதை ஹவுஸ் ரீஃப் என்று குறிப்பிடும். இரண்டும் ஒரே தீவில் அமைவது அரிது என்பதால், எது வேண்டும் என்பதை இருவரும் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

கடல்மட்டம் ஏறி இறங்குவதையும் கவனிக்க வேண்டும். அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளில் (2018 முதல் இவற்றின் பெயர்கள் ஸ்வராஜ் தீவு, ஷாஹீத் தீவு) வற்றம் வரும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கி, பல இடங்களில் கூரிய பாறைகளும் செத்த பவளமும் வெளியே தெரியும். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் வரிசையாக இருக்கும் ரிசார்ட்டுகளின் படங்கள் பெரும்பாலும் ஏற்றத்தின்போது எடுக்கப்பட்டவை. மேற்குப் பார்த்த ராதாநகர் கடற்கரையில் மணல் நீண்டு கிடப்பதால் குளிக்க வசதியானது. நமக்குப் பழக்கமில்லாத காட்சியான, கடலுக்குள் சூரியன் இறங்குவதையும் அங்கே பார்க்கலாம். வங்கக் கடலோரத்தில் உதயத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்கு மேற்கு பார்த்த ஒரு கரையை நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன். அந்தமானில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால்கூட நனைக்கக் கூடாது.

நீரின் மேல் தூண்களில் நிற்கும் வாட்டர் வில்லா பலரின் கனவு. அதில் ஒரு குறை உண்டு: மணல் உங்கள் வாசலில் இருக்காது, நிழல் தரும் தென்னையும் இருக்காது. கடற்கரைக்கோ உணவகத்துக்கோ நீண்ட மரப்பாலத்தில் வெயிலில் நடக்க வேண்டும். நான்கு இரவுகளில் இரண்டைக் கரையோர வில்லாவிலும் கடைசி இரண்டை நீர்மேல் வில்லாவிலும் கழிப்பது செலவையும் குறைக்கும், இரண்டு அனுபவங்களையும் தரும். இப்படிப் பிரித்துப் பதிவு செய்யப் பல ரிசார்ட்டுகள் இசைகின்றன.

மூன்றாம் படி: வீட்டு வாசலிலிருந்து அறை வாசல் வரை

பயண நேரத்தை விமானத்தில் பறக்கும் நேரமாக மட்டும் கணக்கிடக் கூடாது. நமக்கு அருகிலுள்ள பன்னாட்டு விமான நிலையம் திருச்சிதான். தஞ்சாவூரிலிருந்து சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அங்கிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய மூன்று ஊர்களுக்கும் நேரடி விமானங்கள் இருப்பதால், கொழும்பு வழியாக மாலத்தீவும், கோலாலம்பூர் வழியாக லங்காவி, பாலியும் நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஒவ்வொரு பயணத்தையும் சென்னையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அந்தமானுக்கு மட்டும் சென்னை வழி வசதியானது. விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த ஊரின் பெயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து ஹேவ்லாக்குக்குக் கப்பலில் செல்ல வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் நம் மண்ணிலிருந்தே புறப்படுவது மகிழ்ச்சிக்குரியது என்றாலும், கடல் நிலையைப் பொறுத்து நிறுத்தப்படும் சேவை என்பதால் திருமணப் பயணத்தின் ஒரே வழியாக அதை நம்பக் கூடாது.

மாலத்தீவில் தனித்தீவு ரிசார்ட்டுகளுக்கு மாலே விமான நிலையத்திலிருந்து விரைவுப் படகிலோ கடல் விமானத்திலோ செல்ல வேண்டும். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். நீங்கள் மாலை 5 மணிக்கு மாலேயில் இறங்கினால் அன்று இரவைப் பக்கத்தில் எங்காவது கழித்துவிட்டு மறுநாள் காலையில்தான் போக முடியும். ஆனால் ரிசார்ட்டில் முதல் இரவுக்குரிய பணம் ஏற்கெனவே கட்டியாகியிருக்கும். எனவே விமானச்சீட்டு வாங்கும் முன்பே வந்திறங்கும் நேரத்தைச் சொல்லி ரிசார்ட்டிடம் கேளுங்கள். கடல் விமானத்தில் சாமான் அளவு பொதுவாக ஒருவருக்கு 20 கிலோவும் கைப்பையாக 5 கிலோவும்தான். பட்டுப்புடவைகளையும் முறுக்கு, அதிரச டப்பாக்களையும் அடைத்த பெட்டி அதற்குள் அடங்காது.

நான்காம் படி: காட்டிய விலையும் கட்டும் விலையும்

மாலத்தீவையே எடுத்துக்கொள்வோம். ஓர் அறை இரவுக்கு 300 டாலர் என்று காட்டி, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்த்தால் 330. அதன் மேல் 2025 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள 17 சதவீதச் சுற்றுலா வரியைச் சேர்த்தால் 386 டாலர். நான்கு இரவுக்கு ஏறத்தாழ 1,544. பசுமை வரி ரிசார்ட்டுகளில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இருவருக்கு நான்கு இரவுக்கு 96. கடல் விமானத்துக்குப் போகவர ஒருவருக்கு 400 டாலர் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 800. ஆக, 1,200 என்று நினைத்துத் தொடங்கிய கணக்கு 2,440 டாலரில் வந்து நிற்கிறது. சாப்பாடு இதில் சேரவில்லை. எந்தத் தீவாக இருந்தாலும் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

தனித்தீவில் ரிசார்ட்டைத் தவிர வேறு கடை இருக்காது என்பதால் உணவுத் திட்டம் முக்கியம். ஹாஃப் போர்டு என்றால் காலையும் இரவும், ஃபுல் போர்டு என்றால் மூன்று வேளையும். இரண்டிலும் குடிநீருக்குத் தனியாகப் பணம் கேட்கும் இடங்கள் உண்டு. மது அருந்தாதவர்கள், மதுவும் விலைக்குள் அடங்கும் ஆல் இன்க்ளூசிவ் திட்டத்துக்குப் பணம் கொடுப்பது வீண். ஃபுல் போர்டு போதும். செலவைக் குறைக்க விரும்புவோர் மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவுகளின் விருந்தினர் இல்லங்களில் தங்கலாம். அங்கே மது கிடையாது. நீச்சலுடை குறித்த கட்டுப்பாடும் உண்டு. நம் ஊர்ப் பழக்கவழக்கத்துக்கு அது பெரிய இடையூறாக இருக்காது.

முகவரிடம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கினால் மூலத்திலேயே ஒரு வரி வசூலிக்கப்படும். அது வருமான வரிக் கணக்கில் திரும்பச் சரிக்கட்டிக்கொள்ளக்கூடியது. யாருடைய பான் எண்ணில் பதிவாகிறது என்று பார்த்து, சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சாப்பாடு

சைவ உணவினர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இலங்கையிலும் மாலத்தீவிலும் காய்கறிக் கறியிலும் சம்பலிலும்கூட மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ப்பது வழக்கம். பாலியின் சம்பலில் இறால் விழுதும், தாய்லாந்தின் காய்கறிப் பொரியலில் மீன் சாறும் கலந்திருக்கும். “சைவம்” என்று மட்டும் சொன்னால், இறைச்சி போடாமல் இவற்றைப் போட்டுத் தருவார்கள். ஆகவே மீன், மாசி, இறால் விழுது, மீன் சாறு, முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, வேண்டாம் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மொரீஷியஸில் தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழ்வதாலும், அந்நாட்டு ரூபாய்த் தாளிலேயே தமிழ் எழுத்து இருக்கும் அளவுக்கு நம் தொடர்பு பழையது என்பதாலும், அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

ஆறாம் படி: ஆவணங்களும் நகையும்

இருவருக்கும் பாஸ்போர்ட் இருக்கிறதா, திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதங்கள் செல்லுமா என்பதைப் பத்திரிகை அச்சடிக்கும்போதே பாருங்கள். மணப்பெண்ணின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் இருந்தால் அப்படியே இருக்கட்டும். கணவர் பெயரைச் சேர்த்த பிறகுதான் போக முடியும் என்று யாராவது சொன்னால் அது தவறு. விமானச்சீட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்பதே விதி. நம்மில் பலர் பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தாகவும் பாஸ்போர்ட்டில் முழுப்பெயராகவும் அப்பா பெயரை வைத்திருப்பதால், சீட்டு எடுப்பவரிடம் பெயரை வாயால் சொல்லாமல் பாஸ்போர்ட்டின் படத்தையே அனுப்புங்கள்.

மாலத்தீவில் இந்தியருக்கு வந்திறங்கியதும் கட்டணமின்றி விசா கிடைக்கும். புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்னும் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். மலேசியாவுக்கு டிஜிட்டல் வருகை அட்டை தேவை. பாலியில் விசாக் கட்டணத்தோடு, 2024 பிப்ரவரி முதல் ஒருவருக்கு 1,50,000 ரூபியா சுற்றுலாக் கட்டணமும் உண்டு. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் பதிவுக்கு முன்பு அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு நமக்கு ஆதார் போதும். லட்சத்தீவுக்கோ இந்தியரும் முன் அனுமதி பெற வேண்டும்.

வழிபாட்டுக்குரிய விக்கிரகங்களை மாலத்தீவுக்குள் கொண்டுசெல்ல அந்நாட்டுச் சுங்கத்துறை அனுமதிப்பதில்லை. பெட்டியில் சிறு பிள்ளையாரை வைத்து அனுப்பும் அம்மாக்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். நகையைப் பொறுத்தவரை, மஞ்சள் கயிற்றிலேயே தாலி இருக்கும் முதல் மாதங்களில் கயிறே கடலுக்குப் பாதுகாப்பானது. உப்புநீரில் கொக்கி தளர்ந்து சங்கிலி நழுவினால் மணலில் தேடி எடுக்க முடியாது. கனமான நகைகளை லாக்கரில் வைத்துவிட்டுப் புறப்படுவதே நல்லது.

கடைசிப் படி: பணம் கட்டும் முன் ஒரு கடிதம்

நீங்கள் முகவர் வழியாகப் பதிவு செய்தாலும், ரிசார்ட்டுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நாங்கள் வரும் மாதத்தில் உங்கள் கரையில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், எங்கள் அறைக்கு முன்னால் வற்றத்தின்போதும் நீந்த முடியுமா, கடலோரத்தில் கட்டட வேலை ஏதும் நடக்கிறதா, வானிலையால் படகு நின்றால் தங்காத இரவின் பணம் திரும்பக் கிடைக்குமா, எங்கள் உணவில் இன்னின்ன பொருட்களைத் தவிர்க்க முடியுமா என்ற ஐந்து கேள்விகள் போதும். தேனிலவு என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்; பல ரிசார்ட்டுகள் திருமண நாளிலிருந்து குறிப்பிட்ட மாதங்களுக்குள் வரும் தம்பதியருக்கு ஓர் இரவு விருந்தோ அறை உயர்வோ தருகின்றன. அதற்குத் திருமணப் பத்திரிகையோ பதிவுச் சான்றிதழோ கேட்பார்கள் என்பதால் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். இரண்டு நாட்களுக்குள் கேள்விகளுக்குத் தெளிவான பதில் வந்தால் பணம் கட்டலாம். “எல்லாம் நன்றாக இருக்கும், வாருங்கள்” என்று மட்டும் பதில் வந்தால் பட்டியலில் அடுத்துள்ள ரிசார்ட்டுக்கு அதே கடிதத்தை அனுப்புங்கள். அறையின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, திரைச்சீலை என்ன நிறம் என்று இருவரும் பேசிக்கொள்ள வேண்டிய நேரம் அதன் பிறகுதான் வருகிறது.